வால்டார்ஃப் பள்ளியில் 9 முதல் 12 வரை: சேர்க்கும் முன் செட்டிநாட்டுப் பெற்றோர் அறிய வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெற்றோர் சிலர், 8ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளையை, கதை, கலை, கைத்தொழில் வழியாகக் கற்பிக்கும் வால்டார்ஃப் பள்ளியில் சேர்க்கலாமா என்று இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை அத்தகைய பள்ளியில் படிப்பதைப் பார்த்து எழுந்த ஆர்வம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அப்படிப்பட்ட சிறிய பள்ளி ஒன்றின் மேல்வகுப்புகளில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த முறையின் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. அதனாலேயே, ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்டு 11ஆம் வகுப்பில் தவிக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். கல்விமுறையின் கொள்கையைப் பற்றிப் பெற்றோர் நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் பிள்ளையின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை பள்ளி எவ்வளவு சிறியது என்பதும், எந்த வாரியத்தின் தேர்வுக்கு அது பிள்ளைகளை அனுப்புகிறது என்பதும்தான். இவ்விரண்டையும் 9ஆம் வகுப்பில் சேர்க்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

முதல் வால்டார்ஃப் பள்ளி 1919 செப்டம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கியது. வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் உரிமையாளரான எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி அமைத்துத் தருமாறு ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டுக்கொண்டதன் விளைவு அது. ஆணும் பெண்ணும், தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் 12 ஆண்டுகள் ஒரே வகுப்பில் படிப்பது அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாதாரணச் செய்தியன்று. 1938இல் நாஜி அரசு அந்தப் பள்ளியை மூடியது. போர் முடிந்ததும் அது மீண்டும் திறக்கப்பட்டது. இந்தியாவில் ஹைதராபாத்தின் ஸ்லோகா, மும்பையின் திரிதா ஆகிய பள்ளிகள் கால் நூற்றாண்டாக இந்த வழியில் நடக்கின்றன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் யெல்லோ டிரெயின் பள்ளி இதே சிந்தனையைத் தழுவியது.

பிள்ளையின் வளர்ச்சியை ஏழேழு ஆண்டுகளாக ஸ்டைனர் பிரித்துப் பார்த்தார். முதல் ஏழில் பிள்ளை பார்த்துச் செய்து கற்கிறது. அடுத்த ஏழில் கதையும் கலையும் உணர்வும் வழியாகக் கற்கிறது. 14 வயதுக்குப் பிறகுதான் சுயமாக ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் அறிவு முழுதாக விழிக்கிறது என்பது அவர் கருத்து. 8ஆம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர் பிள்ளைகளோடு கூடவே வருவதும், 9ஆம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தத் துறை படித்த ஆசிரியர் வருவதும் இந்தக் கருத்தின்படிதான். ஸ்டைனரின் ஆன்மிகத் தத்துவமான ஆந்த்ரபாசஃபி இந்தப் பள்ளிகளின் அடித்தளத்தில் இருக்கிறது. அது பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தப்படுவதில்லை என்றாலும், ஆசிரியர் பயிற்சியிலும் பாடத்திட்ட அமைப்பிலும் அதன் தடம் உண்டு. இனங்களைப் பற்றி ஸ்டைனர் சொன்ன சில கருத்துகள் இன்று கடுமையாகக் கண்டிக்கப்படுகின்றன. அறிவியலோடு ஒத்துப்போகாத கருத்துகளும் அவரிடம் உண்டு. எனவே உயிரியலையும் பரிணாமத்தையும் எப்படி நடத்துகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல பள்ளி இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

முதல் வேலை: சாதாரண நாளில் போய்ப் பாருங்கள்

ஆண்டு விழாவுக்கோ பள்ளி நடத்தும் சந்தைக்கோ போய்விட்டு முடிவெடுக்காதீர்கள். அன்று எந்தப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். பருவத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ காலை, 10ஆம் வகுப்பிலோ 11ஆம் வகுப்பிலோ பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளையும் ஒரு வாரம் மாணவராக வகுப்பில் இருந்து பார்க்கட்டும். இந்தப் பள்ளிகளில் பல இதை அவர்களாகவே வற்புறுத்துவார்கள்.

அங்கே நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது மாணவர்களின் மெயின் லெசன் புத்தகம். அச்சிட்ட பாடநூலுக்குப் பதிலாக மாணவர் தாமே எழுதி, வரைந்து, அட்டை போட்டு உருவாக்கும் நோட்டு இது. ஆசிரியர் எடுத்துக் காட்டுவது வகுப்பிலேயே சிறந்ததாக இருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இன்னும் மூன்று நான்கு பேருடையதையும் கேளுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம் வரி பிசகாமல் இருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். 9ஆம் வகுப்பில் ஓரளவுக்கு அது இருக்கலாம். 11ஆம் வகுப்பிலும் அப்படியே இருந்தால் அந்தப் பள்ளியில் மேல்வகுப்பு இன்னும் முதிரவில்லை. படத்தின் அழகில் மயங்காமல், தான் கண்டதைச் சொந்த வாக்கியத்தில் சொல்லும் திறன் பக்கத்துக்குப் பக்கம் வளர்கிறதா என்று பாருங்கள். கூடவே 10ஆம் வகுப்புக் கணக்கு நோட்டையும் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக் கணக்கு போதிய அளவு போட்டிருக்கிறார்களா, தப்பாகப் போன கணக்கைத் திரும்பப் போட்டிருக்கிறார்களா என்பதில் அந்தப் பள்ளியின் உழைப்பு தெரிந்துவிடும்.

காலைப் பாடம் நடக்கும் விதம்

காலையில் ஒரு பாட்டோ செய்யுளோ சொல்லித் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே பாடம் நடக்கும். அதுதான் மெயின் லெசன். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குத் தினமும் காலையில் வேதியியல், அது முடிந்ததும் அடுத்த சில வாரங்களுக்கு வரலாறு, பிறகு வடிவியல் என்று முறை மாறி வரும். கணக்குப் பயிற்சி, மொழிகள், கைத்தொழில், இசை, விளையாட்டு, பேச்சையும் இசையையும் உடலசைவாக்கும் யூரித்மி ஆகியவை பிற்பாடு தனித்தனி வகுப்புகளாக வரும்.

அறிவியலை நடத்தும் விதம் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிதாக இருக்கும். 10ஆம் வகுப்பில் அமிலம், காரம், உப்பு ஆகியவற்றைப் பற்றிய வேதியியல் வாரங்களில் சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்வது வழக்கம். முதல் நாள் ஆசிரியர் ஒரு கல்லை எடை போட்டு, செஞ்சூடாகும் வரை நெடுநேரம் சுட்டு, ஆறவைத்து மறுபடி எடை போடுகிறார். பார்வைக்குக் கல் அதே அளவில்தான் இருக்கிறது, ஆனால் எடை குறைந்திருக்கிறது. அதன்மீது தண்ணீர் விட்டதும் கல் வெடித்து, சீறி, ஆவி பறக்க உப்பிப் பொடியாகிறது. மஞ்சள் தடவிய தாளை அந்தப் பொடி கரைத்த நீரில் நனைத்தால் சிவக்கிறது. அன்றைக்கு ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்வதில்லை, சூத்திரமும் எழுதுவதில்லை. கண்டதை மட்டும் வரிசை பிசகாமல் எழுதிவரச் சொல்லி அனுப்புகிறார். மறுநாள் காலை குறிப்பைப் பார்க்காமல் ஒவ்வொருவரும் நேற்றைய நிகழ்ச்சியைச் சொல்ல, எடை எங்கே போயிற்று என்ற விவாதம் எழுகிறது. அதற்குப் பிறகுதான் கார்பன் டை ஆக்சைடும் சமன்பாடும் வருகின்றன. தூய கல் 100 கிராம் முழுமையாக வெந்தால் 56 கிராம்தான் மிஞ்சும் என்ற கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்த்து, முந்தைய நாள் தராசு காட்டியதோடு ஒப்பிடுகிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக் கல்லாக இறுகுகிறது என்று தெரியும்போது, நம் ஊர் வீடுகளின் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவரைத் தொட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சமன்பாடு ஆயுளுக்கும் மறக்காது. இந்த முறையின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம் இதுதான்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஆண்டு முழுவதற்குமான வேதியியலின் பெரும்பகுதி அந்த மூன்று நான்கு வாரங்களிலேயே முடிந்துவிடுவதால், அப்போது ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் இழப்பு மிகப் பெரிது. நண்பரின் நோட்டை வாங்கி எழுதிக்கொள்வதால் அது ஈடாகாது. சோதனையைக் கண்ணால் பார்க்காதவருக்கு மறுநாள் விவாதத்தில் சொல்ல எதுவும் இருக்காது. நம் குடும்பங்களில் படைப்பு, கல்யாணம், சாந்தி, கும்பாபிஷேகம் என்று ஊருக்கு வர வேண்டிய நாட்கள் நிறைய. எனவே ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்த வாரங்களில் எந்தப் பாடம் என்ற அட்டவணையைப் பள்ளியிடம் வாங்கி வீட்டில் மாட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புவது என்று முதல் மாதத்திலேயே உறவினரிடம் சொல்லிவைப்பது நல்லது.

நான்கு ஆண்டுகளின் போக்கு

9ஆம் வகுப்பில் 'என்ன', 10இல் 'எப்படி', 11இல் 'ஏன்', 12இல் 'யார்' என்ற கேள்விகளே பாடங்களின் உள்ளோட்டம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். 9இல் கறுப்பு வெள்ளை ஓவியமும், சோக நாடகம் நகைச்சுவை நாடகம் என்ற எதிரெதிர் வடிவங்களும் வருகின்றன; எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துப் பேசும் அந்த வயதுக்கு அது பொருந்தும். 11இல் இணைகோடுகளும் ஒரு புள்ளியில் சந்திப்பதாகக் கொள்ளும் வீழ்ப்பு வடிவியல் வருகிறது. கலை வரிசையில் 9இல் ஓவிய, சிற்ப வரலாறும், 10இல் கவிதையியலும், 11இல் இசை வரலாறும், 12இல் கட்டடக்கலையும் வைப்பது மரபு.

10ஆம் வகுப்பின் நில அளவைப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ மாணவர்கள் ஒரு நிலத்துக்குப் போய் நாடா, அளவுக்கம்பு, கோணம் அளக்கும் கருவி ஆகியவற்றைக் கொண்டு அளந்து வரைபடம் தயாரிக்கிறார்கள். வகுப்பில் முக்கோணவியலைக் கண்டு அஞ்சிய பிள்ளைக்கும் அங்கே சைன் கொசைன் கைவசப்பட்டாக வேண்டும். தொடங்கிய புள்ளிக்கே சுற்றிவந்து சேரும்போது கோடு பொருந்தாவிட்டால், எங்கோ அளந்தது தவறு என்று மறுபடியும் வெயிலில் இறங்க வேண்டியதுதான். திட்டுவதற்கு ஆசிரியர் தேவையில்லை. ஒரு ஊருணியையும் அதன் வரத்துக்காலையும் அளக்கும் வேலையாக இதை நம் ஊரில் வைத்துச் செய்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! இடம் தர முடிந்த பெற்றோர் பள்ளியிடம் தாமே சொல்லலாம். சிறிய பள்ளிகள் இத்தகைய உதவியை உண்மையாகவே எதிர்பார்க்கின்றன.

12ஆம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தேர்ந்து, வழிகாட்டி ஒருவரின் துணையோடு மாதக்கணக்கில் உழைத்து, எல்லோர் முன்னிலையிலும் விளக்கிப் பேசுவார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடிமீது வண்ணச் சிமெண்டை ஊற்றி ஓடு வார்ப்பதையோ, கண்டாங்கிச் சேலைத் தறியையோ, கொட்டான் முடைவதையோ நம் பிள்ளை எடுத்துக்கொண்டால், பக்கத்தில் இருந்து கற்றுத்தரத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இதற்கு 11ஆம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையிலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

கைத்தொழில் எல்லா ஆண்டுகளிலும் உண்டு. செம்பு, மரம், நெசவு, புத்தகக் கட்டு ஆகியவற்றில் எது கிடைக்கும் என்பது அந்த ஊரில் அமையும் கைவினைஞரைப் பொறுத்தது.

சிறிய பள்ளி தருவதும் தராததும்

வகுப்பில் 10 பேரோ 15 பேரோ இருக்கும் பள்ளியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. நாடகத்தில் எல்லோருக்கும் வேடம் உண்டு. சேர்ந்து பாடும்போது ஒரு குரல் குறைந்தாலும் தெரியும். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 50 பேர் வகுப்பில் வாய் திறக்காமலே 8ஆம் வகுப்பு முடித்த பிள்ளை, இங்கே ஓராண்டுக்குள் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆசிரியருக்குப் பிள்ளையின் கையெழுத்தும் தெரியும், காலையில் சாப்பிட்டுவிட்டு வந்ததா என்பதும் தெரியும்.

இதே நெருக்கம்தான் சுமையாகவும் மாறும். இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் போனால் வகுப்பே இரண்டாகிவிடும். வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை. ஒரு வகுப்பில் பெண்பிள்ளைகள் மூன்றே பேர் என்று அமைந்துவிடுவதும் உண்டு. 1ஆம் வகுப்பிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவர்களுக்கு நடுவில் 9இல் புதிதாக நுழைபவர், பழைய கதைகளுக்கு எல்லோரும் சிரிக்கும்போது தனித்து நிற்க நேரும். முதல் தீபாவளி வரை இது வருத்தும் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே வகுப்பில் புதிதாகச் சேர்பவர் இன்னொருவர் உண்டா என்றும் கேளுங்கள். ஒருவர் இருந்தாலே பாரம் பாதியாகும்.

பாடத் தேர்வில் சிறிய பள்ளியின் எல்லை மிகத் தெளிவாகத் தெரியும். 11, 12ஆம் வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்குக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறாரா, வணிகவியலும் கணக்குப் பதிவியலும் உண்டா, ஆய்வகத்தில் மாணவர் தம் கையால் சோதனை செய்ய இடமிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டு பாடத்தை ஒருவரே நடத்துவது தவறில்லை. அவர் நடு ஆண்டில் விலகினால் என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி. 9ஐயும் 10ஐயும் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துகிறார்களா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு, கபடிக்கு ஏழு பேர் சேர்வதே கடினமாக இருக்கும் பள்ளியில் மாவட்டப் போட்டி என்பது எட்டாத ஒன்று. வெளியில் ஒரு பயிற்சிக் குழுவைத் தேட வேண்டியிருக்கும்.

இதுவரை 12ஆம் வகுப்பை முடித்து வெளியேறிய அணிகள் எத்தனை, அந்தப் பிள்ளைகள் இப்போது என்ன படிக்கிறார்கள் என்பதையும் அவசியம் கேட்க வேண்டும். முதல் அணியே இன்னும் வெளிவராத பள்ளியில் சேர்வதும் ஒரு முடிவுதான். ஆனால் அதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். முன்னாள் மாணவர் இருவரின் பெற்றோரோடாவது பேசிவிட்டு எடுப்பது நல்லது.

சான்றிதழை 9ஆம் வகுப்பிலேயே தீர்மானியுங்கள்

வால்டார்ஃப் பள்ளி என்பதற்காக இந்தியாவில் தனிச் சான்றிதழ் கிடையாது. பள்ளி தருவது ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் வளர்ச்சியை விவரிக்கும் எழுத்து அறிக்கை. அதில் மதிப்பெண்ணோ ரேங்கோ இல்லாமல் இருக்கலாம். கல்லூரிக்கு அது போதாது. 10, 12 இரண்டின் முடிவிலும் ஏதேனும் ஒரு வாரியத்தின் தேர்வை எழுதியாக வேண்டும். அது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமாகிய என்.ஐ.ஓ.எஸ். ஆக இருக்கலாம், கேம்பிரிட்ஜின் தேர்வுகளாக (10ஆம் வகுப்பு நிலையில் ஐ.ஜி.சி.எஸ்.இ., 12ஆம் வகுப்பு நிலையில் ஏ லெவல்) இருக்கலாம், நமக்குப் பழக்கமான வாரியங்களுள் ஒன்றாகவும் இருக்கலாம். பள்ளிக்கே அங்கீகாரம் இருக்கிறதா, அல்லது பிள்ளைகள் தனியாகப் பதிவுசெய்து எழுதுகிறார்களா என்பதை வாய்வார்த்தையாக அல்லாமல் எழுத்தாகப் பெறுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். வழியில் 10ஆம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒவ்வொரு பாடத்தையும் வெவ்வேறு பருவத்தில் எழுதி முடிக்கலாம் என்பதால், மெயின் லெசனைக் கெடுக்காமல் தேர்வுக்குத் தயாராக இது இடம் தருகிறது. 10ஐ முடித்ததற்கும் 12ஐ முடிப்பதற்கும் இரண்டு ஆண்டு இடைவெளி இருக்க வேண்டும் என்பதால், 10ஐத் தள்ளிப்போட்டால் 12உம் தள்ளிப்போகும். ஐந்து பாடங்களோடு 12ஐ முடித்தவர் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதலாம். நீட் தேர்வின் தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பிலேயே நேரடியாகப் படித்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் வழியில் போனால் அது இந்திய 12ஆம் வகுப்புக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் இணைச் சான்றுக்கு எந்தப் பாடங்கள், எத்தனை, என்ன தரத்தில் வேண்டும் என்பதைப் பார்த்துவிட்டே 11இல் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு 12ஆம் வகுப்பில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. வேறு வாரிய மதிப்பெண்கள் சமப்படுத்தப்படுகின்றன. அண்ணா பல்கலைக்கழகமோ காரைக்குடியின் அழகப்பா பொறியியல் கல்லூரியோ மனத்தில் இருந்தால், இந்த மூன்று பாடங்களுக்கும் பள்ளி எவ்வளவு நேரம் ஒதுக்குகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இப்போது அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர் இதைத் தனியாகக் கவனியுங்கள். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்ததையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமைக்கு, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். 9இல் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாறினால் இவை அனைத்தும் கைவிட்டுப் போகும். மருத்துவராகும் ஆசையும் அரசுப் பள்ளியின் தகுதியும் ஒருங்கே உள்ள பிள்ளையை மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஊரிலேயே நல்ல நூல்களும் ஒரு கைத்தொழிலும் பழகக் கொடுத்தால் போதும்.

தமிழின் இடம்

மெயின் லெசன் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டுக்குள் இயங்கும் பள்ளியாக இருந்தால் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை எந்த வகையில் நிறைவேற்றுகிறது என்று கேளுங்கள். பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ சேர்ந்தால் தமிழ் வகுப்பே இல்லாமல் போகக்கூடும். 10ஆம் வகுப்புக் கவிதையியலில் ஆங்கிலக் கவிதை மட்டும் வருகிறதா, கம்பனும் சங்கப்பாட்டும் வருகின்றனவா என்பதைக் கேட்பது மிகையன்று. 1939 முதல் கம்பன் கழகம் நடக்கும் காரைக்குடியிலிருந்து போகும் பிள்ளை, பங்குனியில் விழா நடக்கும் நாட்களில் ஒரு மாலையாவது வந்து உட்கார்ந்து கேட்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என்.ஐ.ஓ.எஸ். 10ஆம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுக்க வழியுண்டு. வீட்டில் பேசும் மொழி தேர்வுப் பாடமாகவும் இருந்தால் படிப்பு விட்டுப்போகாது.

தங்குமிடமும் செலவும்

இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் விடுதி இல்லாத பகல் பள்ளிகள். தாயோ பாட்டியோ உடன் போய் வாடகை வீட்டில் இருப்பது, அல்லது அத்தை சித்தப்பா வீட்டில் விடுவது என்ற இரண்டு வழிதான் நடைமுறையில் உண்டு. உறவினர் வீட்டில் விடுவதானால், அந்த வீட்டின் டிவி, செல்போன் பழக்கத்தைப் பள்ளி எதிர்பார்ப்பதோடு ஒப்பிட்டுப் பேசிவிடுங்கள். மேல்வகுப்பிலும் செல்போனுக்குக் கட்டுப்பாடு வைக்கும் பள்ளிகள் பல. கட்டணத்தைக் கேட்கும்போது ஆண்டுதோறும் எவ்வளவு உயர்கிறது, வாரியத் தேர்வுக் கட்டணமும் வெளியூர்ப் பயிற்சிகளும் தனியா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளியில் இரண்டு குடும்பம் விலகினாலே கட்டணம் ஏறும்.

முதல் பருவத்தில் வீட்டில் செய்ய வேண்டியவை

மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து வரும் பிள்ளை முதலில் தடுமாறுவது, படிக்கப் புத்தகம் இல்லாததால்தான். பரீட்சைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, தான் எழுதியதே புத்தகம் என்பது பிடிபட இரண்டு மூன்று மெயின் லெசன் ஆகும். அதுவரை ட்யூஷனில் சேர்க்க அவசரப்படாதீர்கள். மாலையில் பிள்ளையை உட்காரவைத்து, 'இன்னிக்கு என்ன பாத்தே, மொதல்லேருந்து சொல்லு' என்று கேளுங்கள். மறுநாள் வகுப்பில் செய்ய வேண்டியதும் அதுவே. கணக்கில் மட்டும் பின்தங்கியிருந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லித் தனிப் பயிற்சி கேளுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் 10இல் சரிசெய்வது கடினம்.

ஊருக்கு வரும்போது அப்பத்தாவும் ஐயாவும் 'எத்தனாவது ரேங்க் அப்பச்சி?' என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேள்வியில் தவறில்லை; பிள்ளை நன்றாகப் படிக்கிறதா என்ற அக்கறையைக் கேட்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. மெயின் லெசன் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்து, சுண்ணாம்பு நீற்றும் பாடத்தைப் பிள்ளையே விளக்கட்டும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த குடும்பங்களில் பையன்கள் பெட்டியடியில் உட்கார்ந்து, பெரியவர்கள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் வட்டிக்கணக்கும் கடிதம் எழுதுவதும் கற்றார்கள். செய்து கற்கும் படிப்பை அவர்களுக்கு நாம் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பழைய பள்ளியில் டி.சி. வாங்குவதை, புதிய பள்ளியின் ஒப்புதல் கடிதமும் எந்த வாரியம் என்ற எழுத்துமூல விவரமும் வரும் வரை நிறுத்திவையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி. மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்று என்றிருக்கும் நம் குடும்பங்களில் என்.ஐ.ஓ.எஸ். பதிவின்போது இது பெரும் தொல்லையாகும். மாநிலக் கல்வித்துறைப் பதிவில் பிள்ளைக்குள்ள எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிள்ளையை அந்தப் பள்ளிக் கணக்கிலிருந்து விடுவிக்கும்படி கேளுங்கள்; சாதிச் சான்றிதழையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். வேறு மாநிலத்துக்குப் போவதானால் டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம் தேவையா என்று புதிய பள்ளியிடம் கேட்டு, தேவையென்றால் ஊரில் இருக்கும்போதே வாங்குங்கள். 8 முதல் 12 வரையிலான வகுப்புகளை வெளிமாநிலத்தில் படித்தவர் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அதற்கு வட்டாட்சியர் அலுவலகம் கேட்கும் பெற்றோரின் பள்ளிச் சான்றுகளையும் குடும்ப அட்டையையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.